உயிரோடு இருந்தவனுக்கு ஒப்பாரி

பினாங்கு குவீன் தெருவில் அம்மி போட்டு மசாலா அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த தனலெட்சுமிக்கு ஊரில் இரண்டு விஷயத்தில் பேர் இருந்தது. ஒன்று, மீன்குழம்புக்கு அவள் அரைத்துக் கொடுக்கும் மசாலா. இன்னொன்று, ஒப்பாரி. துறைமுகத்துக் கூலிக்காரர்கள் வீட்டில் யார் தலை சாய்ந்தாலும் முதலில் பறையருக்குச் சொல்லி அனுப்புவார்கள், அடுத்ததாகத் தனலெட்சுமிக்கு. அவள் வந்து தலையை அவிழ்த்துப் போட்டு ஒரு இழுப்பு இழுத்தால், செத்தவனோடு ஜென்மப் பகையாக இருந்தவன்கூட மூக்கைச் சிந்துவான். அந்தத் தொண்டைதான் பின்னாளில் அவள் குடியைக் கெடுத்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. அப்படிச் சொல்கிறவர்களுக்கு வாய் வலிக்காது. கெடுத்தவர்கள் வேறு ஆட்கள், அவர்களுக்கெல்லாம் பெரிய பெரிய உத்தியோகம் இருந்தது.

அவள் பினாங்கிலேயே பிறந்தவள். அப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினான், ஆத்தா அம்மி அரைத்தாள், அவளும் ஆத்தாளின் அம்மியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பதினாறு வயதில் பக்கிரிசாமிக்குக் கட்டிவைத்தார்கள். அவன் நாகப்பட்டினத்துப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவன், வெல்ட் கீ கப்பல்துறையில் சீனி மூட்டை சுமப்பவன், வாய் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவன். பேச வேண்டியதையெல்லாம் அவளே பேசிவிடுவாள். பிள்ளை இல்லை. அந்தக் குறையைப் பற்றியும் அவள்தான் பேசுவாள், அவன் தலையைக் குனிந்துகொண்டு அவள் அரைத்ததை வழித்து இலையில் வைத்துக் கட்டிக் கொடுப்பான். இப்படியே பதினைந்து வருஷம் போயிற்று.

ஜப்பான்காரன் வந்ததும் இந்தியாவிலிருந்து கப்பல் நின்றது. கப்பல் நின்றதும் மிளகாய் இல்லை, மல்லி இல்லை, சீரகம் இல்லை. அம்மியைக் கவிழ்த்துப் போடுவதா என்று யோசித்துவிட்டு, காய்ந்த மரவள்ளிக்கிழங்கை மாவாக்கிக் கொடுக்க ஆரம்பித்தாள். கிழங்கு மாவில் அடை, கிழங்கு மாவில் கஞ்சி, கிழங்கு மாவில் தீபாவளிப் பலகாரம். அதற்கும் ஆள் வந்தது. வாழ்க்கை நாறினாலும் நகர்ந்தது.

ஜப்பான்காரன் வந்து ஒன்றரை வருஷம் ஆன பிறகு ஒரு நாள், வேலைக்குப் போன பக்கிரிசாமி திரும்பவில்லை. கரையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்களை வரிசையில் நிற்கச் சொன்னார்களாம். சயாமில் ரயில் பாதை போடுகிறோம், மூன்று மாசம்தான், அரிசிச் சோறு, தினம் ஒரு வெள்ளி கூலி என்றார்களாம். வருகிறாயா என்று யாரையும் கேட்கவில்லை. போட்டிருந்த உடுப்போடு பெர்ரிப் படகில் ஏற்றி, எதிர்க்கரையில் இருக்கிற பிறை என்ற ஊருக்குக் கொண்டுபோய் அங்கிருந்து ரயிலில் அடைத்துவிட்டார்கள். தனலெட்சுமிக்குச் சேதி வந்து அவள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது பெர்ரி பாதிக் கடலில் இருந்தது. எந்தத் தலை தன் புருஷன் தலை என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

மூன்று மாசம் முடிந்தது. தொழிலாளர் ஆபீசுக்குப் போனாள். அங்கே ஜெயராஜ் என்று ஒருவர் இருந்தார். முன்பு பள்ளிக்கூட வாத்தியார், ஜப்பான் பாஷையை அவசர அவசரமாகப் படித்து மொழிபெயர்ப்பாளர் ஆனவர். கெட்ட மனுஷன் இல்லை. பயந்த மனுஷன்.

"அடுத்த மாசம் வந்துடுவாங்க அக்கா," என்றார்.

அடுத்த மாசம் போனாள். அதற்கும் அடுத்த மாசம் என்றார். வேலை முடிந்துவிட்டது, ரயில் ஓடுகிறது என்று பத்திரிகையில் போட்டான். அப்புறமும் அடுத்த மாசம் என்றார். திட்டினால் வாங்கிக்கொண்டு நிற்கிறவரை எத்தனை தடவைதான் திட்டுவது? ஆபீசுக்குள் உட்கார்ந்திருந்த ஜப்பான்காரனுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு அவன் பாஷை தெரியாது, நடுவில் இருந்தவருக்கு இரண்டும் தெரிந்தும் பிரயோஜனம் இல்லை. எட்டு மாசம் இப்படி நடையாய் நடந்து காலும் நாக்கும் தேய்ந்தபிறகுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது.

கூட்டம் போட்டால் பிடிப்பான். கோஷம் போட்டால் சுடுவான். ஆனால் சாவு வீட்டுக்காரர்களை அவன் தடுத்ததில்லை. பிணம் போகும்போது காவல்காரச் சிப்பாய்கூட ஒதுங்கி நிற்பதை அவள் பார்த்திருக்கிறாள். ஆகவே கடற்கரையோரம் இருந்த பாடாங் மைதானத்துக்குப் போய், ராணுவ ஆபீசுக்கு எதிரே உட்கார்ந்து, ஒப்பாரி வைப்பது என்று முடிவு செய்தாள்.

பக்கத்து அறையில் இருந்த வள்ளியம்மா காதைப் பொத்திக்கொண்டாள். அவள் புருஷன் ராமசாமியும் அதே பெர்ரியில் போனவன்தான்.

"ஐயோ அக்கா, உசுரோட இருக்கிறவங்களுக்கு ஒப்பாரி வெக்கிறதா? ஆயுசு கொறஞ்சிடும் லா."

"இருக்காரா இல்லியான்னே தெரியல, இதுல ஆயுச அளக்கிறா இவ," என்று தனலெட்சுமி சீறினாள். "செத்துட்டாங்கன்னா செத்துட்டாங்கன்னு சொல்லட்டும். இருக்காங்கன்னா கொண்டாந்து காட்டட்டும். நாம வேற என்ன கேக்கப்போறோம்? வேற எதுவும் கேக்க வேணாம். அழுவோம், அவ்வளவுதான்."

வள்ளியம்மா அழுதுகொண்டே சம்மதித்தாள். அவள் எதற்குத்தான் அழாமல் சம்மதித்தாள்?

இருபது முப்பது பெண்கள் சேர்ந்தார்கள். காலை வெயிலில் பாடாங் புல்லில் வட்டமாக உட்கார்ந்து, தலையை அவிழ்த்துப் போட்டு, ஒருத்தி தோளை ஒருத்தி கட்டிக்கொண்டு ஆரம்பித்தார்கள். தனலெட்சுமி எடுத்துக் கொடுத்தாள்.

*சீனி மூட்டை சுமந்த தோளு – எந்தச்*
*சீமையிலே கெடக்குதய்யோ!*
*பெர்ரி ஏத்திக் கொண்டு போனான் – நீங்க*
*பேசாமப் போனதென்ன!*

முதலில் எல்லாம் அவள் நினைத்தபடிதான் நடந்தது. வாசலில் நின்ற சிப்பாய் இது ஏதோ சாவுச் சடங்கு என்று நினைத்து விறைப்பாக நின்று தலையைக்கூடக் குனிந்தான். ரிக்ஷாக்காரச் சீனன் ஒருவன் வண்டியை நிறுத்தித் தொப்பியைக் கழற்றினான். கூட்டம் கூடியது. உள்ளேயிருந்து வந்த ஒரு அதிகாரி மொழிபெயர்க்க ஜெயராஜை வரவழைத்தான். யார் செத்தது என்று கேட்கச் சொன்னான்.

"யார் செத்தது அக்கா?"

"அதத்தான் கேட்க வந்தோம்," என்றாள் தனலெட்சுமி. "எங்க ஆளுங்க செத்தாங்களா, இருக்காங்களா? தொரைகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

ஜெயராஜ் அதை எப்படி மொழிபெயர்த்தாரோ. அதிகாரியின் முகம் மாறியது. அப்புறம் துப்பாக்கிக் கட்டைதான் பேசியது. ஓடத் தெரிந்தவர்கள் ஓடினார்கள். வள்ளியம்மாவுக்கு முழங்கை ஒடிந்தது, அது பிறகு நேராகவே கூடவில்லை. தனலெட்சுமியை அறைந்த அறையில் ஒரு பக்கத்துக் காது அடைத்துக்கொண்டது. சில நாள் உள்ளே வைத்து, பட்டினி போட்டு, இனிமேல் கூடினால் தலை இருக்காது என்று சொல்லி அனுப்பினார்கள். கையில் ஒரு கம்புகூட இல்லாத பெண்களை அடித்துவிட்டு அவனவன் சாப்பிடப் போனான்.

இதுவரை நடந்தது பினாங்குக்குள் நடந்தது. இனிமேல்தான் உலகம் மூக்கை நுழைத்தது.

சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு மாடியில் ஏரம்பமூர்த்தி என்ற யாழ்ப்பாணத்துக்காரர் இருந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் துறைமுக ஆபீசில் கணக்கு எழுதிய கிராணி. அவர் மனைவி கமலாம்பிகை தனலெட்சுமியின் பழைய வாடிக்கை, வேறு யார் அரைத்தாலும் அந்த வீட்டில் குழம்பு இறங்காது. ஏரம்பமூர்த்தி ஒரு ரேடியோவை அரிசிப் பீப்பாய்க்குள் ஒளித்து வைத்திருந்தார். வெளிநாட்டு ரேடியோ கேட்டது தெரிந்தால் கழுத்துப் போகும் காலம் அது. ஆனாலும் சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில், கடலுக்கு அப்பாலிருந்து தமிழில் சேதி சொல்லும் ஒரு ரேடியோவை அவர் கேட்காமல் இருந்ததில்லை. சாமி கும்பிடுவதைக்கூட ஒரு நாள் விட்டிருப்பார். கந்தசாமிக்கு அடுத்தபடி அவர் நம்பியது அந்த ரேடியோவைத்தான்.

ஒரு நாள் கிழங்கு மாவு கொண்டுபோன தனலெட்சுமியை அவர் அவசரமாக உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். முகமெல்லாம் பூரிப்பு.

"பிள்ளை, உங்கட விஷயம் உலகம் முழுக்கத் தெரிஞ்சு போச்சு! நேற்று ரேடியோவில சொல்லிப்போட்டாங்கள். பினாங்கில ஜப்பான்காரன் அறுபது தமிழ்த் தொழிலாளரைக் கொன்றுபோட்டான், அவங்கட விதவைகள் கடற்கரையில கூடி அழுதவையாம், அவையையும் அடிச்சவனாம். உலகமே கண்டிச்சுப் போட்டுது!"

தனலெட்சுமி மாவுச் சட்டியைக் கீழே வைத்தாள். "கொன்னுட்டாங்களா?" என்றாள்.

"அப்பிடித்தான் சொன்னவன்."

"யாரு யாருன்னு பேரு சொன்னாங்களா ஐயா?"

"பேரெல்லாம் சொல்லேல்லை. அறுபது பேர் எண்டு சொன்னவன். அவையள் பொய் சொல்லாயினம், பிள்ளை."

கமலாம்பிகைக்குப் பொறுக்கவில்லை. "அவள் தன்ரை புருஷனைப் பற்றிக் கேக்கிறாள். நீங்கள் உலகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு நிக்கிறியள்," என்று கணவரைக் கடிந்துகொண்டாள்.

மெல்லத்தான் தனலெட்சுமிக்கு விளங்கியது. விதவைகள் அழுதார்களாம். எந்த விதவைகள்? அவளும் அவள் கூட்டமும்தான். அவர்கள் ஒப்பாரி வைத்தார்கள். பார்த்தவன் எவனோ சாவு விழுந்துவிட்டது என்று நினைத்திருக்கிறான். அவன் இன்னொருவனிடம் சொல்லி, அவன் ஒரு வியாபாரியிடம் சொல்லி, அவன் எல்லை தாண்டிப் போய் எவனிடமோ சொல்லி, சொல்லச் சொல்ல அறுபது பிணம் விழுந்திருக்கிறது.

"ஐயா, நான் பாடினதத்தான் அவங்க திருப்பி எனக்கே சொல்றாங்க," என்றாள்.

"நீ பாடினது இஞ்சை. அவங்கள் இருக்கிறது கடலுக்கு அங்கால. விசாரியாமல் சொல்லுவாங்களோ?"

இதுதான் வயிற்றெரிச்சல். எட்டு மாசம் அலைந்தவளுக்குத் தெரியாததெல்லாம் கடலுக்கு அப்பால் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரிந்திருக்குமாம். ஆனால் ஒன்று, அந்தப் பேச்சைத் தள்ளிவிட அவளாலும் முழுக்க முடியவில்லை. தன் பாட்டுதான் அது என்று பகலில் நம்புவாள். படுத்தால் நிஜமாகவே இருந்துவிட்டால் என்று எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

அடுத்த சில வாரம் ஏரம்பமூர்த்தி உலகத்தின் பதில்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். ஒரு நாட்டுச் சபையில் எழுந்து நின்று வருத்தம் தெரிவித்தார்களாம். ஒரு மந்திரி, யுத்தத்தில் வெற்றி கிடைத்ததும் இதற்குக் கணக்குத் தீர்ப்போம் என்றாராம். யுத்தத்தில் சேராத ஒரு நாடு இதுபற்றி ஜப்பானிடம் விசாரித்து, பரிசீலிக்கிறோம் என்று பதில் வாங்கிக்கொண்டதாம்.

"வெற்றிக்கு அப்புறமா?" என்றாள் தனலெட்சுமி. "இப்ப என்ன செய்வாங்களாம்?"

"இப்ப வன்மையாகக் கண்டிக்கினம்."

"கண்டிச்சா பெர்ரி திரும்பி வருமா ஐயா?"

அவளை விட அவருக்குத்தான் அதிக வருத்தம் என்பதுபோல் நின்றார்.

சேதி ஒரு வாயோடு நிற்குமா? கூலிக்காரர் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. வள்ளியம்மா அதை அப்படியே நம்பினாள். உயிரோடு இருந்தவனுக்கு ஒப்பாரி வைத்த பாவம்தான் பலித்துவிட்டது என்று தரையில் விழுந்து புரண்டாள். தனலெட்சுமி கத்திப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், அது நம்ம பாட்டுதாண்டி என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஒடிந்த கையோடு வள்ளியம்மா கடற்கரைக்குப் போய், தாலியைக் கழற்றி, பொட்டை அழித்து, செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டு வெள்ளைப் புடவையில் திரும்பி வந்தாள். இன்னும் இரண்டு மூன்று பேரும் அப்படியே செய்தார்கள். எந்த வீட்டிலும் பிணம் இல்லை, ஆனால் வீட்டுக்கு வீடு துக்கம்.

உலகம் பேசினால் ஜப்பான்காரன் சும்மா இருப்பானா? எதிரி சொல்வது அப்பட்டமான பொய், தொழிலாளர்கள் சயாமில் ஆனந்தமாக இருக்கிறார்கள் என்று அவன் பத்திரிகையில் எழுதினான். எழுதினால் போதாது, உலகத்துக்குக் காட்ட வேண்டும் என்று எவனோ மேலிடத்தில் முடிவு செய்தான். பாடியவள் யார், அவள் புருஷன் யார் என்று விசாரணை வந்தது. அன்று யார் செத்தது என்று கேட்டு அடித்தவர்கள், இப்போது அவன் பேரை ஒழுங்காக எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். தனலெட்சுமி பயந்துகொண்டே சொன்னாள்.

சில வாரம் கழித்து ஜெயராஜ் அவள் வீட்டுக்கே வந்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் வெளிச்சம் இருந்தது.

"அக்கா, பக்கிரிசாமி உசுரோட இருக்காரு. பிறைக்குக் கொண்டாந்துட்டாங்க. அஞ்சு பேரு வந்திருக்காங்க. பாடாங்ல வெச்சு எல்லாருக்கும் காட்டப் போறாங்க. வெளிநாட்டுப் பத்திரிகைக்காரங்க வர்றாங்க, படம் புடிப்பாங்க, மைக் வெப்பாங்க. நீங்க ஒரு நாலு வரி பேசணும். நல்லா பேசிட்டா அவர இங்கயே விட்டுடறதா சொல்லியிருக்காங்க."

"யாரு சொன்னா?"

"பெரிய அதிகாரியே சொன்னாரு. நான் என் காதால கேட்டேன்."

தனலெட்சுமி கையெடுத்துக் கும்பிட்டாள். யாரைக் கும்பிடுகிறோம் என்ற யோசனையெல்லாம் அப்போது அவளுக்கு இல்லை. அன்றைக்கே ஜெயராஜ் அந்த நாலு வரியை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். அம்மி முன்னால் உட்கார்ந்து அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பக்கிரிசாமி வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன ஆக்கிப் போடுவது என்று வழியில் போகிறவர்களிடமெல்லாம் கேட்டாள்.

அந்த நாள் வந்தது. அதே பாடாங். புல்லில் நாற்காலி போட்டிருந்தார்கள், கொடி கட்டியிருந்தார்கள். அன்று அழுத பெண்களையெல்லாம் முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். வளைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு வெள்ளைப் புடவையில் வள்ளியம்மாவும் இருந்தாள். பக்கிரிசாமியை மேடையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். புதுச் சட்டை, புது நீளக் காற்சட்டை. வாழ்நாளில் அவன் கைலி தவிர எதுவும் கட்டியதில்லை. காற்சட்டைக்குள் கால் வீங்கியிருந்தது நடையிலேயே தெரிந்தது. கன்னம் மட்டும் உப்பியிருந்தது. பிறையில் வைத்து இரண்டு வாரமாய் வற்புறுத்திச் சோறு போட்டிருக்கிறார்கள்.

படம் பிடிக்கப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். அவன் தோளைத் தொட்டாள். எலும்பு கையில் தட்டியது. படம் எடுக்கிறவன் வெளிச்சம் சரிபார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவன் உதட்டை அசைக்காமல் பேசினான்.

"தனம், முகத்த மாத்தாத. சிரிச்ச மாதிரியே நில்லு."

"என்னங்க ஆச்சு ஒங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல. நம்ம ஆளுங்கள்ல பாதி இல்ல. ராமசாமி மொத மழையிலேயே போயிட்டான். பேதி. நாங்கதான் பொதச்சோம். வாயத் தொறந்திடாத. நான் சொன்னேன்னு தெரிஞ்சா கூட வந்தவங்களும் போச்சு."

அவன் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசியதை அவள் கல்யாணமான நாளிலிருந்து கேட்டதில்லை. படம் எடுத்தார்கள். மைக்கை அவள் முன்னால் நகர்த்தினார்கள். ஜெயராஜ் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார்.

"என் புருஷன் உசுரோட இருக்காரு," என்று ஆரம்பித்தாள். அது நிஜம், அதைச் சொல்ல அவளுக்குக் கஷ்டம் இல்லை. "நல்ல சாப்பாடு, நல்ல வேலை. ரேடியோக்காரங்க சொன்னது பொய்." அதுவும் ஒரு வகையில் அவளே நம்பியதுதான். கடைசி வரி பாக்கி இருந்தது: என்னோடு அழுத பெண்களின் புருஷன்மாரும் சுகமாக இருக்கிறார்கள். அந்த வரியில் வாய் நின்றுவிட்டது. முன்வரிசையில் வள்ளியம்மா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயராஜ் மெல்ல இருமினார். பக்கிரிசாமி நிற்க முடியாமல் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினான்.

சொன்னாள். அவளுடைய குரலாயிற்றே, பாடாங்கின் கடைசி மரம் வரைக்கும் கேட்டது.

"மாரியாத்தா!" என்று வள்ளியம்மா அலறினாள். எழுந்து, விழுந்து கும்பிட்டு, பக்கத்திலிருந்தவளின் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் அதையும் படம் பிடித்தார்கள். அது நல்ல படமாக வந்ததாம்.

பக்கிரிசாமியை ஒரு வேளைகூட வீட்டுக்கு அனுப்பவில்லை. நாற்காலியை மடக்குவதற்கு முன்னாலேயே ஐந்து பேரையும் லாரியில் ஏற்றிவிட்டார்கள். தனலெட்சுமி லாரிக்கு முன்னால் போய் நின்றாள், சிப்பாய் தள்ளிவிட்டான். ஜெயராஜின் சட்டையைப் பிடித்தாள்.

"விட்டுடறேன்னு சொன்னீங்களே! நான் பேசுனேனே!"

"ரொம்ப நல்லா பேசிட்டீங்க அக்கா," என்றார் அவர். அழுகிற மாதிரி இருந்தது அவருக்கு. "அதான் இப்ப தைப்பிங், ஈப்போன்னு எல்லா ஊருக்கும் கொண்டுபோயி இவங்கள காட்டணும்னு சொல்றாங்க. அது முடிஞ்சதும் விட்டுடுவாங்களாம்."

"எப்ப?"

"அடுத்த மாசம்."

அவள் அவர் சட்டையை விட்டாள். அறைந்திருக்கலாம், அறைய வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை, அப்படி ஒரு சலிப்பு.

கடல் தாண்டிய ரேடியோ இதற்கும் பதில் சொல்லியது. ஏரம்பமூர்த்தி இரண்டு நாள் அவள் கண்ணில் படாமல் இருந்துவிட்டு, கமலாம்பிகை பிடித்துத் தள்ளியபிறகு வந்து சொன்னார். பினாங்கில் பேசிய பெண் தொழிலாளியின் மனைவியே இல்லை, ஜப்பான்காரன் நாடகக்காரி ஒருத்தியைப் பிடித்து வேஷம் போட்டு நிறுத்தினான் என்று சொன்னார்களாம்.

"நான் பொண்டாட்டி இல்லியாமா?"

"அப்பிடித்தான் சொன்னவங்கள், பிள்ளை." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் இனிமேல் அதைக் கேக்கமாட்டன்."

இரண்டே நாளில் மறுபடி கேட்டார், அது வேறு விஷயம். ஆனால் பினாங்கைப் பற்றி அந்த ரேடியோ அப்புறம் வாயே திறக்கவில்லை. வேறு இடங்களில் பெரிய சண்டைகள் நடந்தன. உலகத்துக்கு வேலை இல்லையா என்ன?

வள்ளியம்மா புது மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, கலர்ப் புடவையில் தினமும் அம்மி பக்கத்தில் வந்து உட்காருவாள். "அண்ணன் வேற என்ன சொன்னாரு அக்கா? எங்க வீட்டுக்காரரப் பத்தி ஏதாச்சும்?" என்பாள். நிஜத்தைச் சொன்னால் அவள் ஊரே கேட்கக் கத்துவாள். ஊர் கேட்டால் ஆபீஸ் கேட்கும். பக்கிரிசாமி அவர்கள் கையில் இருக்கிறான். ஆகவே தனலெட்சுமி, மெலிஞ்சிட்டாராம், நல்லாத்தான் இருக்காராம் என்றாள். அடுத்த நாளும் கேட்டாள். இவளும் அதையே சொன்னாள். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படிச் சொல்லிச் சொல்லி, ராமசாமிக்கு இருமல் வந்ததும் தேறியதும் உள்பட ஒரு முழுக் கதையே அவள் வாயில் வளர்ந்துவிட்டது. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவளுக்கு எரிச்சல் வரும், கேட்கிறவள் மேல்தான் எரிந்து விழுவாள்.

அடுத்த மாசங்கள் எல்லாம் வந்து போயின. யுத்தம் முடிந்தது. வெள்ளைக்காரன் கப்பல் வந்தது, மாலை போட்டார்கள், வாத்தியம் வாசித்தார்கள். அப்புறம் சில வாரங்களில் சயாமிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு பிறைக்கு ரயில் வர ஆரம்பித்தது. ரயில் வரும் நாளெல்லாம் தனலெட்சுமியும் வள்ளியம்மாவும் பெர்ரி ஏறிப் போனார்கள். இறங்குகிற முகங்கள் ஒன்றும் முகமாக இல்லை. பேர் கேட்டுத்தான் ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மூன்றாவதோ நாலாவதோ தடவை, ஒரு எலும்புக்கூடு அவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. அப்துல் அஜீஸ். வெல்ட் கீயில் கூடவே மூட்டை தூக்கியவன், கூடவே போனவன். வள்ளியம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, எங்க வீட்டுக்காரரு அடுத்த ரயில்லயா?" என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான். அவள் கழுத்தைப் பார்த்தான்.

"ஒனக்குச் சேதி வரலியா தங்கச்சி? ராமசாமி போயி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சே. மொத மழையிலேயே போயிட்டான். நானும் பக்கிரிண்ணனும்தான் பொதச்சோம்."

வள்ளியம்மா அழவில்லை. அது தனலெட்சுமி எதிர்பார்க்காதது. அவள் மெல்லத் திரும்பினாள்.

"மைக்ல பேசுனப்ப ஒனக்குத் தெரியுமா அக்கா?"

எத்தனையோ சொல்லியிருக்கலாம். ஒரு வருஷமாகப் பொய் சொன்ன வாய் அப்போது மட்டும் பொய் சொல்ல மறுத்துவிட்டது.

"தெரியும். அவரு அவங்க கையில இருந்தாரு வள்ளி. நான் என்ன செய்வேன்?"

"ரேடியோக்காரங்க சொன்னப்ப நான் கழட்டிட்டேன். நீ சொன்னேன்னுதான் திருப்பிக் கட்டினேன்," என்றாள் வள்ளியம்மா. வளைந்த கையால் புடவைத் தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டு பெர்ரியை நோக்கி நடந்தாள்.

தனலெட்சுமி அவள் பின்னால் போகவில்லை. போக முடியவில்லை, கேட்க வேண்டியது இன்னும் பாக்கி இருந்தது.

"எங்க வீட்டுக்காரரு எந்த ரயில்ல வர்றாரு, பாய்?"

அஜீஸ் சிரிக்கப் பார்த்தான். "என்ன தங்கச்சி கேக்கிறே? அவரத்தான் அப்பவே பினாங்குக்குத் திருப்பி அனுப்பிட்டாங்களே. புதுச் சட்டையெல்லாம் குடுத்து, அஞ்சு பேரக் கூட்டிட்டு வந்தாங்களே."

"அதுக்கப்புறம் அங்க திரும்பி வரலியா?"

"இல்லியே. கொடுத்து வெச்ச மனுசன்னு நாங்க தெனமும் பேசிக்குவோம்."

அவள் அடுத்த ரயிலுக்கும் வந்தாள், அதற்கு அடுத்த ரயிலுக்கும் வந்தாள், சயாமிலிருந்து ரயில் வருவது நின்றுபோகும்வரை வந்தாள். வெல்ட் கீ ஆட்கள் ஒருவர் இருவராக இறங்கினார்கள். எல்லோருக்கும் அவளைத் தெரிந்திருந்தது. கிட்டே வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் பக்கிரிசாமி சௌக்கியமா என்று விசாரித்தார்கள்.